கையில் இரண்டு ஏஸ் வந்தால்

பூனாவில் உட்கார்ந்துகொண்டு எதற்கெடுத்தாலும் ‘பாக்கலாம்மா’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் என் பிள்ளைக்கு,

இது போனில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை. போனில் மூன்றாவது நிமிஷமே உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை தாண்டித்தான் உன் கைக்கு வரும், இன்றைக்குப் புதன் ஆகிவிட்டது. ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். நான் ஒரு பக்கம் எழுதி முடித்ததும் உன் அப்பா அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நீ படித்தாயா இல்லையா என்று நீல டிக்கைப் பார்த்துச் சொல்வதும் அவர் பொறுப்பு. காலையிலேயே குளித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி எதிரே உட்கார்ந்திருக்கிறார். படங்களில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் ஊசி போட்டவள் நான். வலிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் குத்துவேன், உனக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் கொஞ்சம் வலிக்கும்.

காணும் பொங்கல் மத்தியானம் நினைவிருக்கிறதா? சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்தோம். நீ ஒரு போர்வையை விரித்து, பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து, “இன்னிக்கு எல்லாருக்கும் போக்கர் சொல்லித் தரேன்” என்றாய். எனக்குச் சுருக்கென்றது. சூதாட்டமெல்லாம் என் வீட்டில் வேண்டாம் என்று கத்தினேன். “ஆபீஸ்ல சும்மா பிளாஸ்டிக் வில்லைய வச்சுதான்மா ஆடுறோம், காசு கெடயாது” என்று நீ சத்தியம் செய்தாய். சரி, நம் வீட்டில் வில்லைக்கு எங்கே போவது என்று நானே புளியங்கொட்டை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன். ஆளுக்கு முப்பது கொட்டை. நீ, நான், உன் அப்பா, என் தம்பி, அதாவது உன் மாமா, அப்புறம் அபிராமி.

அபிராமி எப்படி வந்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ மறந்ததுபோல் நடிப்பாய். பிளஸ் டூ வரைக்கும் உன் வகுப்பில் படித்தவள். இப்போது கால்நடை மருத்துவர், நம் ஊரும் அவள் பார்க்கிற ஊர்களில் ஒன்று. பசுவின் காலைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். காணும் பொங்கலன்று, அதுவும் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, மாட்டின் காலைப் பார்க்க எந்த டாக்டர் வருவார்? அந்தப் பசு முந்தின நாள் மாட்டுப் பொங்கலுக்கு ஊர் முழுக்க ஓடிவிட்டு வந்த பசு. காலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனாலும் அவள் நாலு காலையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நீ பக்கத்தில் நின்று வாலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் அடுக்களை ஜன்னலில் நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். என்ன சிரிப்பு வந்தது தெரியுமா எனக்கு!

ஆட்டத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பதின்மூன்று சீட்டு ரம்மி. நீ சொன்ன ஆட்டத்தில் கைக்கு இரண்டே சீட்டு. அதை மட்டும் பார்த்து முதலில் கொட்டை வைக்க வேண்டும். பிறகு நடுவில் மூன்று சீட்டை எல்லோரும் பார்க்கத் திருப்புவாய், அப்புறம் ஒன்று, கடைசியாக இன்னும் ஒன்று. ஒவ்வொரு தடவையும் கொட்டையை ஏற்றலாம். ஏற்றினால் மற்றவர்களும் அவ்வளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கீழே போட்டு விலக வேண்டும். கையிலுள்ளதையும் நடுவிலுள்ளதையும் சேர்த்துப் பார்த்து நல்ல ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கு எல்லாம். ஒரு மணி நேரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. உன் அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் அவரிடம்தான் கொட்டை அதிகமாகச் சேர்ந்தது, அது அவருடைய ஜாதகம்.

அப்போதுதான் அந்தக் கை வந்தது. ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தேன். ஒரு ஏஸ். அடுத்ததும் ஏஸ். இதைவிடப் பெரிய கை தொடக்கத்தில் கிடையாது என்று நீ சொல்லியிருந்தாய். உடனே என்ன செய்தேன்? நம்மூர்ப் புத்தியைக் காட்டினேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “ம்ம், ஒண்ணும் சரியில்ல” என்று முனகி, ஒரே ஒரு கொட்டையைத் தள்ளினேன். ஏற்றினால் எல்லோரும் பயந்து ஓடிவிடுவார்கள், எல்லோரையும் உள்ளே விட்டு மொத்தமாக அள்ளலாம் என்று கணக்கு. எல்லோரும் ஒரு கொட்டை வைத்து உள்ளே வந்தார்கள். நடுவில் ஒன்பது, ஐந்து, நான்கு விழுந்தது. அபிராமி மூன்று கொட்டை வைத்தாள். உன் அப்பாவும் மாமாவும் நீயும் சீட்டைப் போட்டுவிட்டீர்கள். நான் அலுத்துக்கொள்வதுபோல் மூன்று வைத்தேன். உள்ளே எனக்குத் தீபாவளி. அடுத்தது ராஜா, கடைசியில் இரண்டு. இப்போது பார் என்று என்னிடமிருந்த அத்தனை கொட்டையையும் இரண்டு கையாலும் தள்ளினேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு அவளுடையதையும் தள்ளினாள். நான் இரண்டு ஏஸையும் பட்டென்று போட்டேன். அவள் வைத்திருந்ததோ ஐந்தும் நாலும். நடுவிலிருந்த ஐந்தும் நாலும் சேர்ந்து அவளுக்கு இரண்டு ஜோடி. எனக்கு ஒரே ஜோடி. போர்வையே குலுங்குகிற மாதிரி எல்லோரும் சிரித்தீர்கள்.

அவள் சிரிக்கவில்லை. பாவம்போல என்னைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்க முன்னாடியே ரெண்டு கொட்ட கூட வச்சிருந்தா, நான் அப்பவே சீட்ட கீழ போட்டிருப்பேன் ஆன்ட்டி. நீங்க ஒண்ணுமே சொல்லல. அதான் உள்ள வந்தேன்.”

நீ வாத்தியார் மாதிரி ஆரம்பித்தாய். “நல்ல கை வந்தா ஒளிச்சு வைக்கக் கூடாதும்மா. முதல்லயே ஏத்தணும். நீ சும்மா இருந்தா வர்றவன் போறவன் எல்லாம் உள்ள வந்துடுவான். ஆள் சேரச் சேர யாருக்காவது அதிர்ஷ்டம் அடிச்சுடும்.” அப்புறம் இன்னொன்றும் சொன்னாய். “ரெண்டு ஏஸும் ஒரு ஜோடிதான்மா. கைக்கு வரும்போது பெரிய கைதான். நடுவுல சீட்டு விழுந்ததும் மறுபடி பாக்கணும். அதயே கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்கக் கூடாது.” எவ்வளவு அழகாகச் சொன்னாய்! என் பிள்ளைக்கு இவ்வளவு தெரியுமா என்று பூரித்துப்போனேன். தெரிந்துதான் இருக்கிறது, ஆனால் புளியங்கொட்டை வரைக்கும்தான் என்று இப்போது தெரிகிறது.

உனக்கு இது பிறவிக்குணம். ஆறு வயதில் ஒரு பொங்கலுக்கு உன் அப்பா ஒரு முழுக் கரும்பை உனக்கே உனக்கு என்று கொடுத்தார். யாராக இருந்தாலும் இனிப்பான அடிக்கரும்பிலிருந்துதானே கடிப்பார்கள்? நீ நுனியிலிருந்து ஆரம்பித்தாய். சப்பென்று இருக்கிற நுனியை முகத்தைச் சுளித்துச் சுளித்துத் தின்றாய். ஏன்டா என்று கேட்டால், “நல்லத கடைசிக்கு வச்சிருக்கேன்” என்று பதில். இரண்டு நாள் அப்படியே ஓடியது. அடிக்கரும்பு மூன்று கணுவை மாட்டுக்கொட்டகைத் தூணில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டு விளையாடப் போனாய். திரும்பி வந்து பார்த்தால் பசு கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தது. நீ அழுத அழுகைக்குத் தெருவே கூடியது. அன்றைக்கு நான் சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். இது என்னிடமிருந்து வந்த குணம். உன் அப்பாவை நான் எப்படிக் கைநழுவவிடப் பார்த்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. ‘பெண் பார்க்க வந்தார், பிடித்தது, கல்யாணம் ஆயிற்று’ என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

என் அப்பா வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுகிற லஸ்கர் வேலையில் இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். அதிர்ந்து பேசாத மனுஷர். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். ஒரு ஆனி மாதத்தில் அரசலாற்றுக்கு அக்கரையிலிருந்து உன் அப்பா பெண் பார்க்க வந்தார். வாசலில் கால் வைக்கும்போதே செருப்பு அறுந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சகுனம் அது இது என்று முகம் வாடியிருப்பார்கள். இவர் அறுந்த செருப்பைக் கையில் எடுத்து, “நல்லவேளை, வந்து சேர்ந்தப்புறம் அறுந்துச்சு” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். கேசரியை மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஊசி போட்டா ரொம்ப வலிக்குமா, கொஞ்சமா வலிக்குமா?” அவ்வளவுதான், முடிந்தது. இந்த ஆள்தான் என்று எனக்குள் யாரோ மணி அடித்துவிட்டார்கள். இரண்டு ஏஸ்.

அவர்கள் போனதும் அப்பா மெதுவாக வந்து கேட்டார். “என்னம்மா, புடிச்சிருக்கா?” எங்கள் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. தலையைக் குனிந்துகொண்டு, கால் விரலைப் பார்த்து, “உங்க இஷ்டம்ப்பா” என்று சொல்ல வேண்டும். பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னால் பறக்கிறாள் என்பார்கள். நானும் அப்படியே சொன்னேன். எல்லாப் பெண்களும் அப்படிச் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது, அப்பாக்கள் புரிந்துகொண்டார்கள். என் அப்பா புரிந்துகொள்ளவில்லை. அவர் வேலை அப்படி. தண்ணீர் வேண்டும் என்று விவசாயிகள் வந்து சத்தமாகக் கேட்டால்தான் மதகைத் திறப்பார், கேட்காதவனுக்குத் தேவை இல்லை என்பது அவர் கணக்கு. மகள் உற்சாகமாக எதுவும் சொல்லவில்லை, மனசில்லை போல என்று முடிவு கட்டி, அவர்களுக்குத் தகவலே சொல்லி அனுப்பாமல் இருந்துவிட்டார். நான் தினமும் வாசலைப் பார்த்தேன். அவர் தினமும் வாய்க்காலைப் பார்க்கப் போனார். பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று. பதின்மூன்றாம் நாள் தரகர் வந்து, அவர்களுக்கு மன்னார்குடியில் ஒரு பெண் தகைந்துவருகிறது, வருகிற வாரம் தட்டு மாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அந்தக் காபியைப் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

அவர் போனதும் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். உன் அப்பா ஊர் என்னுடைய வேலை எல்லையிலேயே இல்லை. பெட்டியில் ஊசியும் இல்லை, மத்தியானச் சோறுதான் இருந்தது. இறங்கி விசாரித்தால் ஆள் வயலில். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நான் போவதைப் பார்த்துவிட்டு நடவுப் பெண்கள் நிமிர்ந்தார்கள். “ஏ நர்சம்மா, வயலுக்கே வந்து ஊசி போடுறீங்களா? நாங்க யாரும் புள்ளத்தாச்சி இல்ல!” என்று ஒருத்தி கேட்க, வயல் முழுக்கச் சிரிப்பு. உன் அப்பா முழங்கால் சேற்றில், இரண்டு கையிலும் நாற்றுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். இத்தனை தூரம் வந்துவிட்டு, திரும்பவும் கால் விரலைப் பார்த்தேன் என்றால் நம்புவாயா? பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“எனக்கு உங்கள புடிச்சிருக்கு. அன்னிக்கே புடிச்சிருந்துது. வீட்டுல உங்க இஷ்டம்னு சொல்லிட்டேன், அப்பா அத வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க.”

இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறாரே, இந்த மனுஷருக்கு நாற்றுக்கட்டு இரண்டும் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. “கொஞ்சம் இருங்க, கால கழுவிட்டு வந்துடுறேன்” என்றார். கழுவவும் இல்லை. அப்படியே வரப்பேறி, எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நடவுப் பெண்கள் குலவை போட்டார்கள். கண்டக்டர், “யோவ், சேத்தோட எங்கய்யா ஏறுற?” என்று சண்டைக்கு வந்தார். “பொண்ணு கேக்கப் போறேண்ணே” என்று இவர் சொன்னதும் அவரும் சிரித்துவிட்டார். எங்கள் ஊர் வரைக்கும் படியில் நின்றுகொண்டே வந்தார். என் அப்பா முன்னால் போய் நின்று, “மாமா, உங்க பொண்ணுக்கு என்னைப் புடிச்சிருக்காம். எனக்கும்தான். இனிமே நீங்கதான் சொல்லணும்” என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார், அப்புறம் காலைப் பார்த்தார். “மொதல்ல கால கழுவுங்க மாப்ள” என்றார். ஆவணியில் கல்யாணம்.

இதை எழுதும்போது உன் அப்பா குறுக்கே பேசுகிறார். மன்னார்குடிப் பெண் என்னைவிட நிறமாக இருந்தாளாம். இருக்கட்டும். அவர் கேசரிக்கு இனிமேல் யாரிடம் போய் நிற்கிறார் என்று பார்க்கிறேன்.

நீ சொன்ன இரண்டாவது பாடம் இருக்கிறதே, பெரிய கையையே கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது, அதிலும் நான் தோற்றவள்தான். அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதி பொய். பிளஸ் டூவில் நீ வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை. வெள்ளை கோட்டுப் போட்ட டாக்டர்களுக்குப் பின்னால் பெட்டி தூக்கி நடந்தவளுக்கு, தன் பிள்ளை அந்தக் கோட்டைப் போடப்போகிறான் என்ற ஆசை. மருத்துவ நுழைவுத் தேர்வில் வரவில்லை. சரி என்று அப்போதே விட்டிருக்க வேண்டும். உனக்கு இயந்திரம் என்றால் உயிர், மோட்டார் கொட்டகையிலேயே கிடப்பாய். கண்ணெதிரே எல்லாச் சீட்டும் திறந்து கிடந்தது. நான் பார்க்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் என்று உன்னை வெளியூரில் ஒரு பயிற்சி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தீபாவளிக்கு நீ வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. சாப்பிடும்போதுகூட உதடு எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. “போகலம்மா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். “இன்னும் நாலு மாசம்தானே” என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். அந்த வருஷத்துக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன், தம்பி. அது என்னுடைய தப்பு. உன்னுடையது துளிகூட இல்லை.

உன் அப்பா இந்தப் பக்கத்தைப் படம் எடுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறார். கண்ணாடியை மறுபடி துடைக்கிறாராம்.

இப்போது உன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நேற்று மத்தியானம் அபிராமி எனக்குப் போன் செய்தாள். பசு எப்படி இருக்கிறது என்றாள், உங்கள் முட்டி வலி எப்படி என்றாள், மாமரம் காய்த்திருக்கிறதா என்றுகூடக் கேட்டாள். பிறகு சொன்னாள். “ஞாயித்துக்கெழம திருவாரூர்லேந்து என்னைப் பொண்ணு பாக்க வராங்க ஆன்ட்டி. நல்ல எடமாம். அப்பா சரின்னுட்டாங்க. உங்க பையன் ஏதாச்சும் சொன்னானா?” எனக்கு ஒன்றும் தெரியாதே என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பொங்கல் முடிந்து நீ ஊருக்குக் கிளம்பிய அன்று கும்பகோணம் ஸ்டேஷனில் அவளே உன்னிடம் சொல்லியிருக்கிறாள், உன்னைப் பிடித்திருக்கிறது என்று. பெண் பிள்ளை, பட்டப்பகலில், பிளாட்பாரத்தில் நின்று சொல்லியிருக்கிறாள். நீ என்ன சொன்னாய்? “பாக்கலாம்.” அடப்பாவி! தை, மாசி, பங்குனி போய் இப்போது சித்திரை. மூன்று மாதமாக எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?

உனக்குப் பிடிக்கவில்லையோ என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு நீ மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. பிடிக்காதவன் முகம் அப்படி இருக்காது. பிரமோஷன் வரட்டும், பிளாட் வாங்கட்டும், ஜெர்மனி போய்விட்டு வந்து சொன்னால் இன்னும் கெத்தாக இருக்கும் என்று அடுக்கிக்கொண்டிருப்பாய். நல்லதைக் கடைசிக்கு வைக்கிறாய். ஒன்று சொல்கிறேன், அடிக்கரும்புக்காவது வாயில்லை, இந்தப் பெண் வாயைத் திறந்து சொல்லியே விட்டாள்.

இல்லை, வேறு தயக்கமா? அவர்கள் வேறு ஆட்கள், நாம் வேறு ஆட்கள், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ, அப்பா என்ன சொல்வாரோ என்றா? அதை நேற்றே கேட்டுவிட்டேன். கூலிக்கு நாற்று நட்டவர் பிள்ளையாகப் பிறந்து ஆறு மா நிலத்தைச் சொந்தமாக உழுகிற மனுஷர் உன் அப்பா. யார் யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்ற பேச்சையெல்லாம் சின்ன வயதிலேயே கேட்டு அலுத்தவர். அவர் பதிலை அப்படியே எழுதுகிறேன். “அஞ்சையும் நாலையும் வச்சிக்கிட்டு உன்னையே ஓட விட்ட பொண்ணுடி அது. அத விட்டுட்டு வேற எத தேடச் சொல்ற?” அவ்வளவுதான், எங்கள் வீட்டுச் சம்மதம் வந்துவிட்டது. அவள் வீட்டுச் சம்மதம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பா மாட்டேன் என்றும் சொல்லலாம். சொன்னால் சண்டை போடுவதா, காத்திருப்பதா, சீட்டைக் கீழே போட்டுவிட்டு வருவதா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். நடுச் சீட்டு விழுந்த பிறகு யோசிக்க வேண்டியதை நீ சீட்டு விழுவதற்கு முன்னாலேயே யோசித்துக்கொண்டிருக்கிறாய். ஆடிவிட்டுத் தோற்றால் இரண்டு நாள் அழலாம், நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். ஆடாமலே தோற்றால் அந்த அழுகைக்கு முடிவே கிடையாது.

அபிராமி நம்பர் என்னிடம் இருக்கிறது. ‘என் பிள்ளைக்கு உன்மேல் உயிர், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்’ என்று நானே சொல்லிவிடலாம். நேற்றிலிருந்து நாலு தடவை போனை எடுத்து வைத்தேன். சொல்ல மாட்டேன். அன்றைக்கு என் ஆசையை உன் கையில் வைத்து ஆடியவள் நான், இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன். இது உன் கை. நீதான் ஏற்ற வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சங்கடம். உன் அப்பா போனைத் தூக்கிக் காட்டுகிறார். ஐந்தாம் பக்கம் வரைக்கும் உடனுக்குடன் நீல டிக் விழுந்ததாம். நான் மன்னிப்புக் கேட்ட பக்கமும் அதில் சேர்த்திதான். அடுத்து அனுப்பிய பக்கத்துக்கு விழவில்லை. அபிராமி போன் செய்ததை எழுதிய பக்கம் அது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அப்படியே சாம்பல் நிறத்தில் நிற்கிறது. மீட்டிங்கா? கோபமா? அந்த வருஷத்தை நினைவுபடுத்தியிருக்கக் கூடாதோ? போன் போட்டால் லைன் பிஸி. மறுபடி போட்டால் மறுபடி பிஸி. உன் அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். எனக்கு எழுத ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருந்தால் அந்த நம்பரை அழுத்திவிடுவேன்.

ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

என் போன் அடித்தது. அபிராமி. எடுத்து ஹலோ என்றேன். மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அப்புறம்தான் பேசினாள்.

“அத்த...”

நேற்றுவரை நான் அவளுக்கு ஆன்ட்டி. கீழே உட்கார்ந்துவிட்டேன்.

“உங்க புள்ள எங்கிட்டகூட அப்புறமாத்தான் பேசினாரு அத்த. நேரா எங்கப்பாவுக்குப் போன் போட்டு, சார், எனக்கு உங்க பொண்ண புடிச்சிருக்கு, ஞாயித்துக்கெழம எங்க அம்மா அப்பாவோட நான் வரேன், அதுக்குள்ள வேற யாருக்கும் வாக்கு கொடுத்துடாதீங்கன்னு சொல்லிட்டாரு. அரை மணி நேரம் பேசியிருக்காரு. எங்கப்பா எழுந்து மோட்டார் போடப் போயிட்டாங்க. வாங்கன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. திருவாரூர்க்காரங்களுக்கு மட்டும் போன் பண்ணி, இந்த வாரம் வேணாம், அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டாங்க.”

அது போதும். நடுவில் மூன்று சீட்டு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மற்ற இரண்டும் ஞாயிற்றுக்கிழமை விழட்டும்.

ஆறாம் பக்கத்துக்கு இன்னும் டிக் நீலமாகவில்லை. ஆகவும் வேண்டாம். அவள் போன் செய்ததைப் பற்றி நான் எழுதியதை நீ படிக்கவே இல்லை என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் பக்கத்திலிருந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பிடித்துக்கொண்டு நீயாகத்தான் செய்திருக்கிறாய். மீதிப் பக்கங்களை உன் அப்பா அனுப்ப மாட்டார், நீ வந்த பிறகு கையில் கொடுக்கிறேன். சனிக்கிழமை காலை ரயிலில் வந்துவிடு என்று மட்டும் போனில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா இப்போதே வேட்டியை எடுத்து இஸ்திரிக்காரரிடம் கொடுக்கப் போய்விட்டார். அங்கே போனதும் அவள் அப்பா உன்னைப் பார்த்து என்ன கேட்டாலும் வாயைத் திறந்து பதில் சொல். என்னைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்கம்மா?” என்று கேட்டால், உங்க இஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.